உப்புக்காற்றும் பழைய கொம்பியூட்டர்களும்

பழைய கொம்பியூட்டர் திருத்துகிறவரிடம் யாரும் "கொம்பியூட்டர் பழுதாகிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், ஊர்காவற்றுறையில் ஒரு சின்னக் கடைக்குள் நானும் யூட் அண்ணையும் இந்த வேலையைச் செய்கிறோம். யூட் அண்ணை கரம்பொன்காரர். ஈயம் உருக்கி ஒட்டுகிற நுணுக்க வேலையெல்லாம் அவருடையது. கழற்றுவது, துடைப்பது, மாற்றிப் பூட்டுவது, வந்தவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவது என்னுடையது. புது மெசின் எங்கள் மேசைக்கு வருவது அபூர்வம். வருவதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளை ஒருகாலத்தில் வாங்கிக் கொடுத்தது, கொழும்புக் கந்தோர் ஒன்று கழித்துவிட்டது, யாரோ நன்கொடை என்று இறக்கிவிட்டுப் போனது. வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டொப்பை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்து மூடியைத் திறந்து வாயால் ஒருதரம் ஊதிப் பார்த்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காற்றோட்டமான இடம்

ஞானம் ரீச்சர் ஓய்வு பெற்றவர். வீடு கடற்கரையை ஒட்டினது. மெசின் போட்டால் விசிறி சுற்றுகிறது, மூன்று தரம் கீச்சிடுகிறது, திரையில் ஒன்றுமில்லை என்றார். போய்ப் பார்த்தேன். சிபியு பெட்டி கடல் பார்த்த யன்னலுக்கு நேரே, ஒரு முக்காலியில், கௌரவமாக இருந்தது. "சூடாகினால் பழுதாகும் எண்டு சொன்னவை. அதுதான் நல்லாக் காத்துப்படுற இடத்தில வைச்சனான்" என்றார். திறந்தேன். ஆணிகள் துருவேறி இருந்தன. உள்ளே, கருவாட்டில் பூத்த உப்பைப் போல, வெள்ளையாக ஒரு படிவு.

றாம் என்கிற நினைவகத் தட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் பொன்னிறப் பற்கள் கறுத்துப் போயிருந்தன. ரீச்சரிடம் ஒரு அழிறப்பர் கேட்டேன். பென்சில் எழுத்தை அழிக்கிற அதே றப்பர்தான். மெல்லத் தேய்த்துத் துடைத்துத் திருப்பிப் பூட்டினேன், திரை வந்துவிட்டது. பெட்டியை உள்ளறைக்கு மாற்றும்போது ரீச்சர் கையிலிருந்த றப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எத்தினை பிள்ளையளின்ர பிழையை இதால அழிச்சிருப்பன். இந்த மெசினை ஒருக்கா அழிச்சுப் பாக்கத் தோணேல்லை."

வேகம் கூடினால் வருகிற கேடு

கரம்பொன்னில் அந்தோனிப்பிள்ளை ஐயா என்று ஒருவர், தபால் கந்தோரில் வேலை செய்தவர். அவருடைய கொம்பியூட்டர் எழும்புகிற வேகம் ஊரறிந்தது. காலையில் சுவிச்சைப் போட்டுவிட்டு, கதிரையில் இருந்து, செபமாலையைக் கையில் எடுப்பார். செபமாலை ஒரு சுற்று முடிய, மெசினும் தயாராகி நிற்கும். பிறகு பேப்பர் வாசிப்பார், லண்டனில் இருக்கிற மகனோடு கதைப்பார்.

மகன்தான் எங்களுக்குப் போன் எடுத்து, "அப்பாவின்ர மெசினுக்கு ஏதாவது செய்யுங்கோ" என்றார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்க் ஒன்று போட்டேன். றாமையும் இரட்டிப்பாக்கினேன். சுவிச்சைப் போட்டுக் காட்டினேன். ஐயா செபமாலையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டார். கை வெளியே வருவதற்குள் திரை வந்துவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். செபமாலையை அப்படியே பைக்குள் விட்டுவிட்டு, பேப்பரைத் திறந்தார். வாசல்வரை என்னை வழியனுப்ப வந்த அவருடைய மனைவி றோசலின் அக்காதான் குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"இந்த மனுசனை இத்தினை வரியமாச் செபம் சொல்ல வைச்சது அந்த மெசின் ஒண்டுதான், பிள்ளை. நீர் வந்து கெடுத்துப்போட்டீர்."

கோயில் நோட்டீஸ்

ஒரு அம்மன் கோயிலுக்குத் திருவிழா நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிற காந்தன் அண்ணை, பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர். பழைய ஆட்களுக்குத் தெரியும்: அந்த எழுத்துரு மெசினில் இருக்கும்வரைதான் அது தமிழ். இல்லாவிட்டால் அத்தனையும் ஆங்கில எழுத்தும் முற்றுப்புள்ளியுமாய்ச் சிதறிப்போய்க் கிடக்கும்.

அவருடைய மெசினில் வின்டோஸைப் புதிதாகப் போட்டு, எழுத்துருவைப் போட மறந்து கொடுத்த மறுநாள் போன் வந்தது. அண்ணை கோபப்படுகிற ஆளில்லை. மெசினில் சேமித்து வைத்திருந்த கொடியேற்றம், தேர், தீர்த்தம் என்று எல்லா நோட்டீஸையும் ஒன்றொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, பெரிய யோசனையோடு எடுத்திருந்தார். எழுத்துருவை அனுப்பிவைத்து, எங்கே போடுவது என்று சொல்ல, எல்லாம் பழையபடி தமிழாகிவிட்டது. ஆனால் போனை எடுத்தவுடன் அவர் சொன்ன முதல் வசனத்தை யூட் அண்ணை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்:

"தங்கச்சி, ஒரு சிக்கல். எங்கட அம்மன் ராவோட ராவா இங்கிலீசு படிச்சிட்டா."

நெடுந்தீவுக்கு ஒரு பயணம்

நெடுந்தீவில் தட்டச்சு வகுப்பு நடத்துகிற ஒரு அக்காவின் சிபியுவைத் திருத்தி, நானே கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறினேன். அன்றைக்குச் சனம் நெருக்கம், கடலும் கொஞ்சம் குழப்பம். பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி, அதற்குமேல் துவாயால் சுற்றி, மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்கிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு, ஏமாந்து திரும்பிக்கொண்டா.

வள்ளத்தில் வேலை செய்கிற ஒரு அண்ணை எல்லாருக்கும் மிதவை அங்கி கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றைத் தந்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு போய் இன்னொன்றை எடுத்துவந்து, பெட்டியைச் சுற்றி வார் இழுத்துக் கட்டினார். பகிடிக்குச் செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இது விழுந்தால் நீர் பின்னால குதிப்பீர் எண்டு உம்மைப் பாக்கவே தெரியுது. ரெண்டு பேருக்கும் கட்டினால்தான் எனக்கு நிம்மதி."

எழுவைதீவில் இருந்து ஒரு குரல்

இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுவைதீவில் ஸ்ரெலா என்று ஒரு பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர், தாய் பிலோமினா அக்கா. ஸ்ரெலா வீட்டிலிருந்தே கணக்கியல் படித்தவள். இறுதிச் சோதனையும் இணையத்தில்தான். ஆனால் போனில் எழுத விடமாட்டார்கள், கமரா பூட்டின கொம்பியூட்டர் வேண்டும். அதற்கென்று நாங்கள் ஒரு பழைய டெஸ்க்டொப்பைத் தேற்றிக் கொடுத்திருந்தோம். சோதனை நாள் காலை போன் வந்தது. "அக்கா, மெசின் எழும்புதில்லை. பின்னேரம் சோதனை." பிறகு அழுகைதான் கேட்டது. அந்தத் தீவுக்குப் படகைத் தவிர வேறு வழியில்லை. அன்றைக்குக் காற்று எழும்பிப் படகை நிறுத்திவிட்டார்கள். இதை விட்டால் அவள் இன்னொரு வருடம் காத்திருக்கவேண்டும்.

வீடியோவில் பார்க்கலாம் என்றால் படம் உறைந்து உறைந்து நின்றது. குரல் மட்டும்தான். யூட் அண்ணை அதே மாதிரி இன்னொரு மெசினைத் தூக்கி எனக்கு முன்னால் வைத்து மூடியைக் கழற்றினார். நான் அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "ஆணி கழருதில்லை" என்றாள் ஸ்ரெலா. தாய் போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் தானே நிலத்தில் குந்திவிட்டா. துருப்பிடித்த ஆணியை மீன் வெட்டுகிற கத்தியின் நுனியால் கழற்றினா. றாமை எடுத்தா, தேய்த்தா, பூட்டினா. திரை கறுப்பு. மற்ற இடத்தில் மாற்றிப் பூட்டினா. கறுப்பு. போனுக்குள்ளால் காற்று ஊளையிடுவது கேட்டது. எனக்குச் சொல்ல இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். யூட் அண்ணை விரலால் எனக்கு முன்னாலிருந்த மெசினின் பலகையில் காசு மாதிரி இருந்த சின்னப் பற்றரியைத் தொட்டுக் காட்டினார். "அதைக் கழட்டிப்போட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்." கழற்றினா. பொறுத்தோம். திருப்பிப் போட்டுச் சுவிச்சை அமுக்க, போனுக்குள்ளால் ஒரேயொரு கீச்சுச் சத்தம். "வெளிச்சம் வந்திட்டுது" என்றா பிலோமினா அக்கா, சோறு வெந்திட்டுது என்கிற குரலில்.

அதோடு முடியவில்லை. சோதனைப் பக்கம் திறக்க மறுத்தது. நான் இணையத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, ஸ்ரெலாதான் அழுகையை நிறுத்திவிட்டு, "அக்கா, இதில திகதி நான் சின்னப்பிள்ளையா இருந்த காலத்தைக் காட்டுது" என்றாள். பற்றரியைக் கழற்றினால் மெசின் நாளையும் நேரத்தையும் மறந்துவிடும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான பக்கங்கள் திறக்காது. அவளே திகதியைத் திருத்தினாள். பக்கம் திறந்தது. அதோடு போன் அறுந்தது. பின்னேரம் முழுக்க நானும் யூட் அண்ணையும் வேலை செய்கிற மாதிரி இருந்தோம். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. காற்று அடங்கி, படகு ஓடத் தொடங்கினபிறகுதான் அவள் எழுதி முடித்தாள் என்கிற செய்தி வந்தது. பெறுபேறு வந்த அன்று தாய் போன் எடுத்தா:

"அவள் பாஸ் பண்ணிப்போட்டாள், பிள்ளை. சந்தோசம். ஆனால் அண்டைக்கு அந்த மூடியைத் திருப்பிப் பூட்ட மறந்துபோனம். உள்ளுக்க பல்லி முட்டை வைச்சிருக்குது, என்ன செய்யிறது?"

ஆதரவு நிறுத்தம்

பழைய வின்டோஸுக்கு இனி ஆதரவு கிடையாது, பழைய மெசின்களில் புது வின்டோஸ் ஏறவும் மாட்டாது என்று செய்தி வந்தபோது, எங்கள் கடை வாசலில் ஒரு செத்தவீட்டுக் களை. போட்டோக்கொப்பிக் கடை பாலன் மெசினைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். "செய்த கொம்பனியே கைவிட்டிட்டுதாம். இனி இதை என்ன செய்யிறது?" என்று மேசையில் வைத்தார். எறிய மனமில்லை, வைத்திருக்கப் பயம். இணையம் பார்க்க வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தரலாம், அது இந்த மெசினில் சுகமாக ஓடும், செலவும் இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் பாலனுக்கு முகம் தெளியவில்லை. "கொம்பனி கைவிட்ட சாமான்" என்பதிலேயே நின்றார். மூலையில் குனிந்து ஈயம் ஒட்டிக்கொண்டிருந்த யூட் அண்ணை தலையை நிமிர்த்தவில்லை:

"எங்கட கடல்ல ஓடுற எஞ்சின்களில பாதிக்கு, செய்த கொம்பனி எங்க இருக்குது எண்டே ஒருத்தருக்கும் தெரியாது. அதுகள் மீனோடதான் கரைக்கு வருகுது."

அலுமாரிக்குள் ஒன்று

புங்குடுதீவில் தனியாக இருக்கிற சரசக்காவின் மெசின் வருடத்துக்கு ஒருதரம் என் கைக்கு வரும். தூசி தட்டி, விசிறிக்கு எண்ணெய் விட்டு, பிராசசருக்கு மேலே காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுசு பூசிக் கொடுப்பேன். இந்தமுறை அக்கா வீட்டிலேயே அதைத் திறந்து வைத்திருக்க, கனடாவில் இருக்கிற அவவின் தம்பி போன் வீடியோவில் வந்தார். "உதுக்கு ஏன் மினக்கெடுறீங்கள்? நான்தானே புது லப்டொப் அனுப்பினனான்." அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தா. அவர் போனை வைத்தபிறகு, லப்டொப் எங்கே என்று கேட்டேன். அலுமாரியைத் திறந்து காட்டினா. கூறைச்சேலைக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியால் சுற்றி, அந்துருண்டை வாசத்தோடு, உறை கிழிக்காமல் இருந்தது. ஏன் அக்கா என்றேன்.

"அது அவன் வந்து நிக்கிற நாளையில மேசையில வைக்கிறதுக்கு. வேலைக்கு இதுதான், பிள்ளை. விசிறியைப் பூட்டும்."

ஆக, ஒரு கொம்பியூட்டருக்கு எப்போது வயதாகிறது என்று என்னைக் கேட்டால், அதன் சொந்தக்காரருக்குப் பொறுமை தீருகிற அன்றைக்கு என்றுதான் சொல்லுவேன். தீவுகளில் அது இலேசில் தீராதபடியால்தான் நாங்களும் இன்னும் கடையைப் பூட்டாமல் இருக்கிறோம்.