முன்கூட்டி அழுத அழுகை

எங்கள் அம்மாவின் அடக்கத்தன்று மகள் நான் அழவில்லை. கல்லறைத் தோட்டத்திலேயே சிலர் அதைப் பேசினார்கள். வருஷப் பூசைக்கு வரும் உங்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலரில் அதற்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது அடையாற்றுக்குத் தெற்கே ஊரூர்க் குப்பத்தில். வாழ்க்கைப்பட்டது சாந்தோம் கரையில். நைனா கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அம்மா மீன்கூடையைத் தலையில் சுமந்து சிந்தாதிரிப்பேட்டைச் சந்தைக்கு நடப்பார்.

கட்டுமரம் கடலில் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் அழக்கூடாது என்பது கரை வழக்கம். அழுதால் ஆள் திரும்பமாட்டாராம். அம்மா அதை மதிக்கவில்லை. மற்ற மரங்கள் கரையேறி நைனாவின் மரம் மட்டும் வராவிட்டால், கதவைச் சாத்திவிட்டு என்னையும் தம்பியையும் உட்காரவைப்பார்.

"அழுவுறத இப்பவே அழுதுடுங்க. நாளிக்கு கூடை தூக்கணும். அப்ப நேரம் கெடையாது."

பக்கத்து வீட்டுச் சின்னம்மா கதவுக்கு வெளியே நின்று ஏசுவார். "இன்னாடி, புருசன் உசுரோட கீறப்பவே ஒப்பாரியா? நீ கேக்கறத மாதா குடுத்துடப் போறா."

ஒருமுறை அழுகைக்கு நடுவில் நைனாவே ஈரத்தோடு வந்து நின்றார்.

"யாரு போயிட்டாங்க?"

"நீதான்" என்றார் அம்மா.

"அப்ப எனக்குச் சோறு இல்லியா?"

"கீது. கையக் களுவு."

ஓர் ஐப்பசிப் புயலில் நைனா நிஜமாகவே திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா மறுநாள் காலை கூடையோடு கிளம்பினார். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று கரையே பேசியது. பேசியவர்கள் யாரும் அரிசி கொண்டுவரவில்லை. அந்தக் கூடைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

தம்பியை அம்மா கடலுக்கு அனுப்பவில்லை. மயிலாப்பூரில் ஓர் அச்சுக்கூடத்தில் சேர்த்தார். இவனுக்காகக் கதவைச் சாத்த வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தார். அவனை வாந்திபேதி ஒரே பகலில் கொண்டுபோயிற்று. அம்மா அதற்குத் தயாராக இல்லை. கூடையைத் தொடவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். போடாவிட்டால் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலம்வரை அப்படியே கிடந்தார். கூடையை நான் தூக்கினேன்.

இரண்டையும் பார்த்த நான், கஷ்டத்தை எதிர்பார்த்திருப்பதே மேல் என்று முடிவுகட்டினேன். அம்மா வயிற்றுக் கட்டியோடு படுத்ததும் அவர் பழக்கியபடியே செய்தேன். பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கிறது.

"இன்னும் உசுரோடதான் கீறேன்டி."

"தெரியும். நீ படு."

"எல்லாத்தையும் தீத்துடாத. கொஞ்சம் வச்சிக்கோ. உங்க நைனாவுக்கு நான் ஒண்ணும் வச்சிக்கல. அன்னிக்கு அழலாம்னு பாத்தேன், வரவே இல்ல."

அதற்குள் நான் அழுது முடித்திருந்தேன். அவர் போன அன்று ஒன்றும் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. எது மேல் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. எதிர்பார்த்திருந்தால் மறுநாள் வேலைக்குப் போகலாம், அது தெரியும்.

படுக்கையில் கிடந்தவரைப் புரட்டிக் குளிப்பாட்டிய சின்னம்மாவுக்கும், கடைசித் தைலம் பூசிய சுவாமியாருக்கும், கல்லறைவரை சுமந்த குப்பத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. பூசைக்கு வாருங்கள். அம்மாவுக்காக ஜெபியுங்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.