பைலிச் சேட்டனுக்கு வலி ஏழு

அங்கமாலியிலிருந்து வெளிநாடு போன நர்சுகளில் பாதிப் பேர் பைலிச் சேட்டனுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். மனுஷனுக்கு ஒரு வியாதியும் கிடையாது, கல்லைத் தின்றாலும் செரிக்கும். பேக்கரிக்கு மாடியில் இருக்கும் என் ஆங்கிலப் பயிற்சிக் கூடத்தில் அவர் சம்பளத்துக்கு நோயாளி, அவ்வளவுதான்.

முதலில் அவர் எங்கள் வாசலில் வாட்ச்மேன். அதற்கும் முன்னால் சாலக்குடி பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய மகள் ஜின்சி, தாயில்லாப் பெண், என்னிடம்தான் படித்தாள். வார்டில் அவள் புலி. ஆனால் அயர்லாந்து போவதற்கான ஆங்கிலப் பரீட்சையில் ஒரு ஆள் நோயாளியாக நடிப்பார், இவர்கள் நர்ஸாக அவரிடம் பேசிச் சமாளிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்ததுமே ஜின்சிக்கு வாயடைத்துப்போகும். மூன்று தடவை கோட்டைவிட்டாள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ஒரு நாள் எரிச்சலில், உன் அப்பனிடமாவது பேசித் தொலைவாயா என்று கேட்டு, கீழே போய் வாட்ச்மேனை இழுத்துவந்து பெஞ்சில் படுக்கவைத்தேன்.

அப்போது பைலிச் சேட்டனுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் காதால் பிடித்துக்கொண்டார். முட்டி வலிக்கிறது, மருந்து வேண்டாம், என்னை வீட்டுக்கு விடுங்கள். கண்டக்டர் தொண்டையாயிற்றே, அவர் முனகிய முனகலில் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு மேலே ஓடிவந்துவிட்டார். ஜின்சி சிரித்தாள், பேசினாள், அடுத்த பரீட்சையில் தேறி அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்பன் பெஞ்சிலேயே தங்கிவிட்டார்.

பிடிவாதக்கார நோயாளி வேஷம் என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. சர்க்கரை நோயாளியாகப் படுத்துக்கொண்டு, லட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இனிப்பைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை என்று சாதிப்பார். சில பெண்கள் அழுதே விடுவார்கள். நான் அவருக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்டால் ஏழுக்கு மேலே போகக் கூடாது. பத்து என்றால் டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை நர்ஸ் கட்டிலை விட்டு நகரவே கூடாது. அப்புறம் பேச்சுக்கு எங்கே போவது, என் வகுப்பு என்ன ஆவது? அதனால் எந்த வியாதி வந்தாலும் பைலிச் சேட்டனுக்கு வலி ஏழுதான்.

ஜின்சிக்கு அயர்லாந்திலேயே பிறந்த பெண் ஈவ்லின். அந்தப் பரீட்சை போட்ட சூடு ஜின்சிக்கு ஆறவே இல்லை. என் பிள்ளை என்னைப் போல முழிக்கக் கூடாது என்று வீடு முழுக்க ஆங்கிலமாக்கிவிட்டாள். அவள் புருஷன் டைட்டஸும் ஆமாம் சாமி. ஞாயிற்றுக்கிழமை போனில் பைலிச் சேட்டன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். ஈவ்லின் ஹலோ சொல்வாள், நன்றாயிருக்கிறேன் என்பாள், ஓடிவிடுவாள். மலையாளத்தில் இவர் கொஞ்சுவது அவளுக்குக் காற்றோடு போகும்.

ஆறு வயதில் அவளைக் கிறிஸ்துமஸுக்கு முதல்முறையாகக் கூட்டிவருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் என்னிடம் வந்து நின்றார்.

"டீச்சரே, புள்ள திரும்பிப் போறதுக்குள்ள அவகிட்ட நாலு வார்த்தை பேசிரணும். இல்லன்னா போன்ல இளிக்கிற கெழவனாவே அவளுக்கு நான் இருந்துட்டுப் போயிருவேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். உனக்கு என்ன நிறம் பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் யார் சிநேகிதி, மழை பெய்கிறதா. ஒன்றும் ஏறவில்லை. என்ன நிறம் பிடிக்கும் என்று தொடங்குவார், முடிக்கும்போது மூச்சு வாங்குகிறது என்பார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உங்களுக்குச் சொல்வதற்கு அந்த பெஞ்சுக்குச் சொல்லலாம் என்று கத்தியும் விட்டேன்.

அவர்கள் வந்தார்கள். வந்த ஞாயிறு, சர்ச்சில் குர்பானைப் பூசை முடிந்து நானும் சாப்பிடப் போயிருந்தேன். ஜின்சி அடுக்களையில் மாங்காய்க்கறி வைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் ஈவ்லின் ஒரு மூலையில் பொம்மையோடும், பைலிச் சேட்டன் எதிர் மூலையில் சிரிப்போடும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த நிறமும் மழையும் அவர் முகத்தில் வியர்வையாக வந்ததே தவிர வாயில் வரவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது. அப்போது அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், கம்மிய குரலில் ஆரம்பித்தார்.

"நர்ஸ், காலையிலேர்ந்து இங்க இறுக்கிப் புடிக்குது. எனக்கு பயமா இருக்கு."

ஈவ்லின் பொம்மையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். வார்டில் நோயாளிகளிடம் பேசுவதை அம்மா வீட்டில் சொல்லிக்காட்டுவது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க, மிஸ்டர் பைலி. நான் இங்கதான் இருக்கேன். இன்னும் கொஞ்சம் விவரமா சொல்றீங்களா?"

மிஸ்டர் பைலி சொன்னார். சொன்னதோடு நிற்காமல் வகுப்பில் முனகுவது போல முனகினார். அடுக்களையிலிருந்து ஜின்சி கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பனுக்கு ஆங்கிலம் வருகிறதென்றால் அது நடிப்பு என்று தெரியாதவளா அவள்? ஆனாலும் பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது. டைட்டஸ் வாடகைக் காரை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். பக்கத்து வீட்டு லோனப்பன் ஜெபமாலையோடு வந்து நின்றார். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, நிஜ நோயாளி நான்தான் என்று ஆகிவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீடு ஆஸ்பத்திரி. அச்சப்பத்தை, அதான் அச்சு முறுக்கை, ஒடித்து மாத்திரை செய்தாள் ஈவ்லின். விழுங்க மாட்டேன் என்று இவர் முரண்டு பிடிப்பார். தன் பொம்மைகூட இதைச் சாப்பிட்டுத்தான் பிழைத்தது என்று அவள் எடுத்துச் சொல்வாள். இவர் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, வலி ஏழு, இன்னொன்று வேண்டும் என்பார். நடுநடுவே மலையாளத்தில் திட்டுவார், அவள் அதையும் பொறுக்கிக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் போயிருந்தபோது அவர் வேறொரு நோயாளியாக இருந்தார். வீட்டில் யாரும் இல்லை, மகள் வெளிநாட்டில், ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று நர்ஸிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். கதவோரம் நின்று கேட்ட ஜின்சி என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போனாள்.

"டீச்சரே, அது வகுப்புல வர்ற பேச்சுதானே?"

"வகுப்புல வர்றதுதான்டி. நான் எழுதிக் குடுத்தது."

"யாரைப் பாத்து எழுதினீங்க?"

அடுப்பில் அன்றைக்கும் இருந்த மாங்காய்க்கறியை ருசி பார்த்து, உப்பு ஒரு கல் தூக்கலாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளே ஈவ்லினிடம் சோறு, கறி, இன்னும் கொஞ்சம் என்று மலையாளத்தில் சொல்லிக்காட்டத் தொடங்கினாள்.

திரும்பிப் போகும் நாளில் நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு நானும் போனேன். வாசலோடு நம்மை நிறுத்திவிடுவார்கள். டைட்டஸ் பாஸ்போர்ட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தான். ஈவ்லின் பைலிச் சேட்டனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு எங்க வலிக்குது, மிஸ்டர் பைலி?"

அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"பத்துக்கு எவ்வளவு?"

"பத்து," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயில் வராத எண். ஈவ்லின் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அம்மா கூப்பிட்டும் வரவில்லை, அப்பா கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. பத்து என்றால் நர்ஸ் போகக் கூடாது, அம்மாவே சொல்லியிருக்கிறாள் என்று ஒரே பிடிவாதம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஜின்சி அப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளாலும் நகர முடியவில்லை.

பைலிச் சேட்டன்தான் குனிந்து, அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராக வந்து சொன்னார்.

"நர்ஸ், இப்ப குறைஞ்சிருச்சு. ஏழுதான்."

"நிஜமா?"

"நிஜமா. ஏழு."

ஈவ்லின் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டு இறங்கினாள். உள்ளே போய்த் திரும்பி, மருந்தை மறக்கக் கூடாது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டினாள். இவர் தலையைத் தலையை ஆட்டினார்.

ஆட்டோவில் திரும்பினோம். என் கைக்குட்டை நனைந்துபோயிருந்தது. அங்கமாலிக் கடைகள் வந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சரே, புதுசா ஏதாவது வியாதி குடு. ஞாயித்துக்கெழமை நர்ஸ் போன் பண்ணுவா. பழைய வியாதியெல்லாம் அவ சரி பண்ணிட்டா."

முதுகுவலி சொல்லவா, காதடைப்பு சொல்லவா என்று கேட்டேன். சீக்கிரம் குணமாகாதது எதுவோ அதைச் சொல்லு என்றார்.