எண்ணெய் தேய்த்துக் குளித்த நெஞ்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் என் நெஞ்சு என்னைக் கேட்காமல் குதிக்கத் தொடங்கியது. பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட் ஓரத்தில் எனக்குத் தேங்காய்க்கடை, வீடு தாராவியில். மூட்டை தூக்கும்போது குதித்தால் நியாயம் என்று விட்டிருப்பேன். அப்போதெல்லாம் அது பசு மாதிரி இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து நிம்மதியாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போதுதான் திடுதிடுவென்று குதிக்கும். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் சிரிக்கவைத்து அனுப்புகிற ஆள் நான். உள்ளே ஒன்று தப்பாகத் தட்டிவிட்டால் அந்த ஆள் போன இடம் தெரியாது. பின்பக்கம் போய் ரசம்போன கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். நாக்கைப் பார்த்து நெஞ்சைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள நினைத்தேன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

விஷயம் என் மனைவியின் அண்ணன் காதுக்குப் போயிற்று. அவருக்கு அம்பர்நாத்தில் ஆலை வேலை. என் கடைமேல் ரொம்ப நாளாகவே அவருக்கு ஒரு கண். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்துவிட்டார்.

“மாப்ள, நெஞ்சு வெசயம் வெளையாட்டு இல்லவே. கடைய எங்கிட்ட விட்டுட்டு ஊருக்குப் போயி நிம்மதியா இரும். நான் பாத்துக்கிடுதேன்.”

“எப்படிப் பாத்துக்கிடுவீரு மச்சான்? தேங்காயத் தட்டிப் பாக்கத் தெரியுமாவே உமக்கு?”

“ஆலையில மெஷினத் தட்டிப் பாக்கவன் தேங்காயத் தட்ட மாட்டனா?”

ஊரில் எனக்காகக் காத்திருந்தது நாலு பங்காளிகளும் ஒரு வரப்புத் தகராறும்தான். அங்கே போனால் நன்றாக இருக்கிற நெஞ்சும் நின்றுவிடும். ஆனால் என் மனைவியும் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டாள். கடைசியில் நான், “டாக்டர் சொல்லட்டும். நெஞ்சு சரியில்லன்னுட்டாருன்னா கடைச்சாவிய உம்ம கையிலயே வச்சிருதேன்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிடமே உள்ளே ஒரு குதி.

டாக்டர் செம்பூரில் இருந்தார். மாட்டுங்காவில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். என் மார்பில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினார். நான் தேங்காயைத் தட்டுகிற அதே தட்டு; உள்ளே தண்ணீர் ஆடினால் நல்ல காய்.

“தண்ணி ஆடுதா டாக்டர்?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “இங்க வந்து படுத்துண்டா உங்க நெஞ்சு சமர்த்தா இருக்கு. அதுக்குத்தான் அமெரிக்காலேர்ந்து ஒரு பெட்டி கொண்டுவந்திருக்கேன். நாள் பூரா நெஞ்சு துடிக்கறதை டேப்ல பதிஞ்சுண்டே இருக்கும். சனிக்கிழமை கார்த்தால வாங்கோ, மாட்டி விடறேன். சாயங்காலம் கழட்டிடலாம். நீங்க எப்பவும் பண்றதையே பண்ணுங்கோ. ஒயரை மட்டும் தொடப்படாது.”

எப்பவும் பண்றதையே பண்ண வேண்டும். இதில் குழப்பத்துக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். சனிக்கிழமை விடிந்ததும் என் மனைவி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“இன்னைக்கு எண்ணெ வேண்டாம். ஆசுபத்திரிக்குப் போணும்லா?”

“எப்பவும் பண்றதத்தான பண்ணச் சொன்னாரு? சனிக்கெழம எண்ணெ தேய்க்காம என்னைக்கு இருந்திருக்கிய? பெரிய டாக்டர் தொட்டுப் பாக்கப் போற ஒடம்பு. அழுக்கோடயா போவிய?”

சட்டையைக் கழற்றினேன். உச்சந்தலையிலிருந்து தொப்புள்வரை எண்ணெய் ஊறியது. சீயக்காய் போட்டு இரண்டு செம்பு ஊற்றியதும் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் சந்தில் அது தினமும் நடப்பதுதான். மீதி எண்ணெயைத் துண்டால் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

செம்பூரில் கம்பவுண்டர் என் நெஞ்சைச் சவரம் செய்து, பஞ்சால் ஒரு துடை துடைத்து, தகரப் பொட்டுகளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். அவற்றின் ஒயர்கள் பெட்டிக்குப் போயின. பெட்டியைத் தோல்வாரில் கோத்துத் தோளில் மாட்டினார். நாலு ஆழாக்கு அரிசிச் சோறு கொள்ளும் டிபன் கேரியர் மாதிரி கனத்தது.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். எப்பவும் நான் என்னதான் பண்ணுவேன் என்று யோசித்தால் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. எப்பவும் இவ்வளவு நேராகவா உட்காருவேன்? இத்தனை தடவையா எச்சில் விழுங்குவேன்? வாசலில் டாக்சியை நிறுத்திய டிரைவர் தோல்வாரைப் பார்த்துவிட்டு கிரிக்கெட் கேட்கிற டிரான்சிஸ்டர் என்று நினைத்து, “சேட், ஸ்கோர் க்யா ஹுவா?” என்றான். “பாட்டிங் சாலூ ஹை”, ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

முந்தின நாள் வாங்கின தேங்காய் அழுகல் என்று ஒரு மாமி மூடியோடு வந்தார். வழக்கமாக அவரோடு கால் மணி நேரமாவது சண்டை போடுவேன். இன்றைக்குப் போடலாமா கூடாதா? டாக்டர் உத்தரவை மீறக்கூடாது என்று போட்டேன்.

“நன்னா சிரிச்சுப் பேசியே தலைல கட்டிடறேள்! தோள்ல அது என்ன பெட்டி?”

“நான் பொய் சொன்னா இதுல பதிஞ்சிரும் மாமி.”

“அப்போ டேப் பத்தாதே!” என்று சொல்லி, வேறு தேங்காய் வாங்கிக்கொண்டு போனார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மத்தியானம் வெயில் ஏறியது. எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து ஊறின. பனியனுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக வழுக்கி வயிற்றுக்கு இறங்கியது. கரப்பானா, ஒயரா, என் உயிரா? தொடக்கூடாது என்றாரே, தொடவில்லை. மூன்று மணிக்குச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தேன். குதித்தது பாருங்கள், கடையே ஆடியது. வந்தாயா, பெட்டியில் மாட்டினாயா என்று ஒரு பக்கம் திருப்தி. சாவி போயிற்றே என்று ஒரு பக்கம் நடுக்கம்.

சாயங்காலம் மச்சானும் நேராகச் செம்பூருக்கே வந்துவிட்டார். டாக்டர் டேப்பை ஒரு மெஷினில் போட்டு ஓடவிட்டார். ஒரு மணி நேரத்து நெஞ்சு ஒரு நிமிடத்தில் ஓடும் என்றார். அதன் வட்டக் கண்ணாடித் திரையில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளிப் போனது. நானும் மச்சானும் சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று துள்ளல் அடங்கியது. நேர்கோடு. படுக்கவைத்த தென்னங்குச்சி மாதிரி ஒரே கோடு. அது முடிவதாகவும் இல்லை.

“மாப்ள!” என்று மச்சான் என் கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்றிருந்தது.

“டாக்டர், நான் எப்பம் செத்தேன்?” என்றேன்.

“ரெண்டு மணி சுமாருக்கு” என்றார் அவர், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். பிறகு திரும்பி என் சட்டையைத் திறந்தார். இரண்டு பொட்டுகள் தொப்புளுக்குப் பக்கத்தில் தொங்கின. என் நெஞ்சை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

“நல்லெண்ணெயா?”

“எப்பவும் பண்றதையே பண்ணச் சொன்னிய…”

அமெரிக்காவில் இதற்குப் பாடம் நடத்தவில்லை போலிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். மச்சான் மட்டும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி திங்கட்கிழமை, எண்ணெய் இல்லாமல் மாட்டினார்கள். அன்றைக்கும் மூன்று மணி வெற்றிலை நேரத்தில் அதே குதி. சாயங்காலம் டாக்டர் முழு டேப்பையும் பார்த்துவிட்டு, “அங்கங்க ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துடறது. நிறையப் பேருக்கு வரும், பயமில்லை. பேஷா மூட்டை தூக்குங்கோ, கடைக்குப் போங்கோ” என்றார்.

“அந்த மூணு மணிக் குதி?”

“மூணு மணிக்கு உங்க நெஞ்சு தேமேன்னு இருக்கு. கார்த்தால பதினோரு மணிக்குத்தான் நாலஞ்சு குதி இருக்கு.”

பதினோரு மணிக்கு நான் ஒரு வாடிக்கைக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

“அப்பம் மூணு மணிக்குக் குதிச்சது யாரு டாக்டர்?”

அவர் மருந்துச் சீட்டைத் தேடுகிற மாதிரி மேஜையைத் துழாவினார். கடைசியில் ஒன்றும் எழுதிக்கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மச்சான் வந்தார். சாவிப் பேச்சுக்குத் தயாராக நான் கடைவாசலில் நின்றேன். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“மாப்ள, அந்தக் கோட்டப் பாத்ததுலேருந்து எனக்கும் இங்க ஒரு மாதிரி குதிக்குவே. அந்தப் பெட்டிய எனக்கும் மாட்டுவாவளா?”

நான் அவர் மார்பில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டேன்.

“தண்ணி ஆடுது மச்சான்,” என்றேன். “தாராளமா விக்கலாம்.”