வேதத்தில் இல்லாத மெழுகுதிரி

பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பவர் அவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. பக்கத்து இருக்கையில் எனக்காக ஒரு தடித்த வேதாகமம். அதை எடுத்து என்னை உட்காரவைத்ததும் தொடங்கிவிடுவார். கத்தோலிக்கத்தை விட்டுப் புதிய புரட்டஸ்தாந்து சபை ஒன்றில் சேர்ந்தவர். நான் இன்னும் கத்தோலிக்கம்தான்.

“குழந்தையில தலையில தண்ணி ஊத்தினது ஞானஸ்நானமே? நீங்கள் இன்னும் இரட்சிக்கப்படேல்ல.”

மூன்று வருடமாக இதே கதை. ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“உங்கட அம்மா சாகும்வரைக்கும் கத்தோலிக்கம்தானே? அப்ப அவ எங்க?”

வேதாகமத்தை மூடினார். மன்னாரில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்:

“ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போவீங்கள்தானே? அம்மாட கல்லறையில ஒரு மெழுகுதிரி கொழுத்திவிடுங்கோ. நான் போனது சபையில தெரிஞ்சா கரைச்சல்.”

கொழுத்தினேன். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் கேட்டார்.

“அணையாம எரிஞ்சதோ?”

“ஓம், முழுக்க எரிஞ்சது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேதாகமத்தை விரித்து என் மடியில் வைத்தார்.

“செத்தவைக்கு மெழுகுதிரி கொழுத்தச் சொல்லி இதில எங்க இருக்கு? காட்டுங்கோ பாப்பம்.”