கண்டாக்கையாவின் மோட்டார் சைக்கிள்

கொட்டகலை பஜாரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்துக் கராஜில் முஸ்லிம் நானா ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை உதைத்துக் கிளப்பினார். எண்ணெய் கலந்த பெற்றோல் புகை குப்பென்று முகத்தில் அடித்தது. என் கால்விரல்கள் தாமாகவே தரையை அழுத்தின. சிரிக்காதீர்கள். இந்த வயதில், கையில் மரக்கறிப் பையோடு, நான் ஓடத் தயாராகிவிட்டேன்.

அந்தப் புகை எனக்குக் கண்டாக்கையாவின் வாசனை. வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வெளிவேலை அதிகாரி. மலையில் வேலை வாங்குவதும் கொழுந்து நிறுப்பதும் அவர்தான். எடை குறைத்து எழுதினால் கூலி குறையும். ஒருநாள் கொழுந்தெடுத்து வந்த அம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "தராசு முள்ளு நிக்கிறதுக்கு முன்னாடியே எழுதுறீங்களேங்க!"

அதற்கான பதிலை அவர் மாவட்ட ஓட்டப் போட்டிக்குத் தோட்டத்து லொறி கிளம்பிய காலையில்தான் சொன்னார். இரவல் கென்வஸ் சப்பாத்துக்கு வெள்ளை பூசிப் போட்டுக்கொண்டு நான் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

"அந்த வாய்க்காரி மகதானே நீ? எறங்கு."

இறங்கினேன். கூட வந்த பள்ளிக்கூட மாஸ்டர் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லொறி போனது. கண்டாக்கையா மோட்டார் சைக்கிளை உதைத்து, புகையை என் மேல் விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போனார். அழவில்லை என்றால் பொய். அழுதுகொண்டேதான் முடிவெடுத்தேன், இந்த மனுஷனை இனி நிம்மதியாக மலை ஏற விடக்கூடாது.

மேல் டிவிஷனுக்கு ரோடு முடக்கு முடக்காக வளைந்து போகும். தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் கீழே காத்திருப்பேன். வண்டிச் சத்தம் கேட்டதும் குறுக்கில் பாய்வேன். அவர் முதல் முடக்கில் திரும்பும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அடுத்த முடக்கிலும் நிற்பேன். அதற்கடுத்ததிலும்.

"என்னா புள்ள, பேய் மாதிரி வந்து வந்து நிக்கிற?"

"சும்மாதாங்க ஐயா." மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நேரத்தை மாற்றிப் பார்த்தார். நானும் மாற்றினேன். ஒருநாள் என்னை முறைத்துக்கொண்டே வந்து ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் வண்டியை விட்டார். வீட்டில் அம்மா, "இன்னைக்கு மூஞ்சி எப்புடி இருந்திச்சி?" என்பார். நடித்துக் காட்டினால் ரொட்டி ஒன்று கூடுதலாக விழும்.

அடுத்த வருடம் போட்டிக்கு பஸ்ஸில் போனேன். ஜெயித்தேன். பிறகு கொழும்பு, பிறகு நாட்டிலேயே முதலிடம். மலைக்காற்று, மலைக்கால் என்று என்னென்னவோ எழுதினார்கள். காற்றாவது, காலாவது! மைதானத்தின் ஒவ்வொரு வளைவிலும் அந்த வண்டிக்கு முந்திப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வளைவில் என்னை யாரும் முந்தியதில்லை.

காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் பந்தல் போட்டு எனக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். எனக்குப் போட வந்த மாலையோடு கண்டாக்கையா மைக்கைப் பிடித்தார். "நம்ம புள்ள. நான்தான் அப்பவே லொறி போட்டு அனுப்பிவச்சேன்."

மைக்கை வாங்கினேன். "லொறி போட்டது நெசந்தாங்க. என்னைய எறக்கி விட்டதும் ஐயாதான். ஏன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

மைக்கைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் இருந்த அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "முள்ளு நின்ன பொறகு எழுதுங்கன்னு கேட்டேன். இப்பவும் அதத்தான் கேக்குறேன்." கொழுந்தெடுக்கும் பெண்கள் தட்டிய கைதட்டல், நான் வாங்கிய எந்தப் பதக்கத்துக்கும் கிடைக்காதது. கண்டாக்கையா மாலையோடு அப்படியே நின்றார். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு ருசிக்கும்.

சில மாதத்தில் அவர் மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகும் ஓடினேன், ஆனால் வளைவுகள் வெறும் வளைவுகளாகிவிட்டன. இரண்டாவதாக வந்தேன், பிறகு மூன்றாவதாக. ஓட்டத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓட வைக்கப் போனேன்.

அம்மா இப்போது இல்லை. கண்டாக்கையாவும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று போன மாதம் கேள்விப்பட்டேன். "இறக்கிவிட்டது தப்பு" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள்.

புகை அடங்கியதும், வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, மரக்கறிப் பையோடு வட்டகொடை பஸ்ஸில் ஏறிவிட்டேன். மேல் டிவிஷன் காடாகிக் கிடக்கிறது. குறுக்குப் பாதையை மானாப்புல் மூடிவிட்டது. கை கிழியப் புல்லை விலக்கி ஏறி, மூச்சு வாங்க முதல் முடக்கில் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். இருட்டும் வரை நின்றும் வண்டிச் சத்தம் கேட்கவில்லை.