சூட்டறையில் வாட்டிய கீரை

எழுபதுகளின் நடுவில், எஸ்.எஸ்.எல்.சி. தேறியும் வேலை கிடைக்காமல், போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்தும் கூலியாக இருந்தேன். ஊர் மாறிப்போன, தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டார், பால்குடி மறந்த இரண்டு முயல்குட்டிகளை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தார்கள். அப்பா இறந்த பிறகு அம்மா வாய்விட்டுப் பேசியது அவற்றிடம்தான்.

மழை வலுத்ததும் முயல்பெட்டியிலிருந்த காய்ந்த புல்லில் பூசணம் பிடித்தது. பசியாறட்டும் என்று அம்மா, நனைந்த கீரையைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். மறுநாள் ஒரு குட்டி வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. மிஞ்சியது பூசணப் புல்லை மோந்துவிட்டு மூலையில் போய்ச் சுருண்டது.

மிருகாசுபத்திரி கம்பவுண்டரிடம் ஓடினேன். “புல் இல்லெங்கில் கீரைதான். பக்ஷே ஈரம் பாடில்ல, கூடாது. நல்லா வாட்டி, கொறச்சு கொறச்சாக் கொடு” என்றார், மலையாளமும் தமிழுமாக.

ஈரமில்லாத இலைக்கு எங்கே போவது? நாங்கள் குடியிருந்த கூலி லயத்துச் சுவரே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பச்சை. ஆனால் ஏலத்துக்கு மருந்தடித்த காட்டில் ஓர் இலையை நம்பிக் கிள்ள முடியாது. எங்கள் வாசலோரத் தண்டுக்கீரை மட்டும்தான் மருந்து படாதது. துண்டால் இலை இலையாகத் துடைத்தேன், ஈரம் போகவில்லை. அடுப்புக்கு மேலே பிடித்தேன். புகை வாடைக்குக் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “என்ன மதினி, இன்னுமா குழம்புக்கு வளக்கீக? சீக்கிரம் அறுங்க, எலும்பாப் போவுது” என்றாள். அம்மா அவளைத் திட்டக்கூட இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மழையில் ஈரம் ஒட்டாத இடம் ஒன்றுதான், அடுப்புச் சூட்டில் காய் உலரும் ஸ்டோரின் சூட்டறை. மறுநாள் ஒரு பிடி கீரையைக் கொண்டுபோனேன். வேலை விடும் நேரம் நெருங்கியபோது, ஏலக்காய் பரப்பிய கம்பித்தட்டின் ஓரத்தில் அதை வைத்தேன். இலைகள் துவண்டு, தொட்டால் விரல் நனையாத பதத்துக்கு வந்ததும் துண்டில் முடிந்துகொண்டேன்.

காய் திருட்டுப் போகாமலிருக்க, ஸ்டோர் வாசலில் எல்லோரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். கீரைதானே என்று வரிசையில் நின்றேன்.

“துண்டுல என்னலே?” என்றார் வாட்ச்மேன்.

“கீரை அண்ணாச்சி. முயலுக்கு.”

“ஸ்டோருக்குள்ள எப்பலே கீரை வெளைஞ்சுது?”

வரிசை சிரித்தது. அவர் முடிச்சை அவிழ்த்து உதறினார். இலைகளோடு இரண்டு மூன்று ஏலக்காய்களும் தரையில் விழுந்து உருண்டன. சிரிப்பு நின்றுவிட்டது.

“தட்டுலருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் அண்ணாச்சி. சத்தியமா...”

“அத நாளைக்குத் தொரைகிட்டச் சொல்லு.” எல்லாவற்றையும் துண்டோடு சுருட்டி வாசலோர அலமாரிமேல் வைத்தார்.

“என் வேலைய வேணா எடுத்துக்கிடுங்க. இலைய மட்டும் குடுங்க. நேத்துலருந்து அது ஒண்ணும் திங்கல.”

“படிச்ச பய பேசுத பேச்சாலே இது?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகவேண்டிய பெண்கள் பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். அவர் கையை உதறிவிட்டு, தரையில் தப்பிக் கிடந்த ஓர் இலையைக் காலால் தள்ளினார். “பொறுக்கிட்டுப் போ.”

பொறுக்கினேன். சோற்றுத் தூக்குவாளியை உள்ளே நன்றாகத் துடைத்து, இலையை வைத்து மூடி, மழையில் ஓடினேன்.

குட்டி முதலில் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா இலையை அதன் உதட்டில் தொட்டாள், தொட்டுக்கொண்டே இருந்தாள். மூக்கு அசைந்தது. காம்பைக் கடித்தது. இலை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் மறைந்தது. அம்மா அதன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். உப்பவில்லை.

“இன்னுங் குடுய்யா. இம்புட்டுதானா கொண்டாந்த?”

“கொஞ்சமாத்தான் குடுக்கணும்மா.”

“அப்ப நாளைக்கு?”

வேலை போனால் சூட்டறையும் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. எடுத்துக்கிடுங்க என்று நானே சொல்லிவிட்டு வந்திருந்தேன். வெளியே வந்தேன். தண்டுக்கீரை மழையில் சாய்ந்து கிடந்தது. ஒவ்வோர் இலையிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.