தபீதாள் அக்காவின் பைன் காய்கள்

நோன்பு வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் லாரி வந்துபோன பிறகு பார்த்தால் என் குடங்கள் நிரம்பி வாசலில் இருக்கும். பக்கத்து வீட்டு தபீதாள் அக்காதான் என்று கண்டுபிடிக்கவே ஒரு ரமலான் ஆயிற்று. கேட்டதற்கு, "உன் குடம் என் கையில தட்டுச்சு, அதான்" என்றார்.

தாம்பரம் பக்கத்தில் எங்கள் இரும்புலியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா, கொடைக்கானல் மலையில் பிறந்தவர். சின்ன வயதில் கூலிக்குப் பைன் கன்று நட்டவர். பிள்ளை இல்லை, கணவரும் தவறிவிட்டார். அந்த மரங்களைத்தான் பெற்ற பிள்ளைகள் போலப் பேசுவார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்க மலையிலேயே இருக்கும் அவருடைய அண்ணன் தனசிங் அந்த மரங்களிலிருந்து ஒரு சாக்கு பைன் காய் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கல் போல இறுகிய காய்கள், ஒன்றுகூட விரியவில்லை.

2004 கோடையில் தனசிங் அண்ணனின் போன் வந்தது. காட்டுத்தீயாம். அக்கா நட்ட மரமெல்லாம் கரிக்கட்டையாக நிற்கிறதாம். அழுது முடித்த அக்கா, அந்தச் சாக்கை என் வீட்டுக்காரரிடம் தூக்கி வந்தார்.

"அடுப்புல போடுங்க உமர் பாய். இனி இது எதுக்கு எனக்கு?"

இவர் கல்யாண பிரியாணி சமைப்பவர். அன்று தம் போட்டு, மூடிமேல் கங்கு பரப்பியிருந்தார். காய்களைக் கங்கின் ஓரமாகக் கொட்டினார். சற்று நேரத்தில் டிக் டிக் என்று சத்தம்.

"ஷம்சாத்து! இங்க வாயேன்! இன்னா இது, பொரி மாதிரி வெடிக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தால், சுப்ஹானல்லாஹ்! ஒவ்வொரு காயாகச் செதில் விரிக்கிறது! உள்ளேயிருந்து இறக்கை முளைத்த விதைகள் காற்றில் சுழன்று என் முக்காட்டிலேயே வந்து உட்காருகின்றன! நான் போட்ட கூச்சலில் அக்கா ஓடி வந்தார்.

"சூடுதான் இதத் தொறக்குதா! அப்போ அங்க மரத்துல இருந்த காயெல்லாம்?"

"அதெல்லாம் எரிஞ்சே பூட்டிருக்கும்க்கா."

"வாய மூடிக்கிட்டு உங்க தம்மப் பாருங்க பாய்!"

அவர் எங்கே தம்மைப் பார்த்தார்? பிரியாணி அடிப்பிடித்தது, கல்யாண வீட்டார் திட்டினார்கள்.

அக்கா உடைந்த வாளியில் சாம்பலும் மண்ணும் கலந்து விதைத்தார். ஊசி ஊசியாகக் குடை விரித்து முளைத்தது! நம் ஊர் வெயிலில் பிறகு வாடிவிட்டது, அக்கா வாடவில்லை. "விதைக்கு உசுரு இருக்கு, அது போதும்" என்றார். மலையிலிருந்து மட்டும் ஒவ்வொரு போனிலும் ஒரே பதில்: கறுப்புதான், ஒன்றும் முளைக்கவில்லை. அக்கா ஜெபித்தார். நான் தொழுகையில் துஆ கேட்டேன். படைத்தவனுக்கு எல்லாம் ஒன்றுதானே.

மழை பெய்து ஓய்ந்தபின் போன் வந்தது. "தங்கச்சி, உடனே பொறப்பட்டு வா!"

போனார். பிறகு ஒருமுறைதான் வந்தார், வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணனோடு போய்விட. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீ வர்றப்ப செருப்பக் கழட்டிட்டு மெதுவா வா ஷம்சாத். கால் வைக்கிற எடமெல்லாம் குஞ்சு மரம்."